மேல்மலைக்கு எந்தத் தோல் கேமரா?

பூண்டு விற்ற காசு கையில் புழங்கும் மாதங்களில்தான் கொடைக்கானல் மேல்மலை ஊர்களில் பொதுக்காரியப் பேச்சு சூடுபிடிக்கும். இந்த முறை பேச்சில் அடிபடுவது தோல் நோய். யாரோ ஆன்லைனில் பார்த்திருக்கிறார்கள்: கம்ப்யூட்டரில் செருகுகிற டிஜிட்டல் மைக்ராஸ்கோப், ஆயிரம் மடங்கு பெரிதாக்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது, விலை இரண்டாயிரம் சொச்சம். அதை வாங்கி ஊரில் உள்ள சுகாதார நிலையத்தில் வைத்தால், அரிப்பு, படை, புண் என்று வருபவர்களின் தோலைப் படமெடுத்து மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ அனுப்பலாம், மருந்து என்ன என்று பதில் வந்துவிடும் என்பது யோசனை.

யோசனையில் குறை இல்லை, சாமான்தான் தப்பு. நான் இந்தப் பக்கம் செவிலியர் வேலை பார்ப்பவள். படம் எடுத்து அனுப்புவது, டாக்டர் கேட்கும் கேள்விக்குப் பதில் தேடுவது, வந்த மருந்தைப் பூச வைப்பது எல்லாம் என் வேலைக்குள் வருகிறது. அந்த இடத்திலிருந்து பார்த்து, நம் முன்னால் உள்ள வழிகளை ஒன்றோடொன்று வைத்துச் சொல்கிறேன்.

மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் வரவே 30 கிலோமீட்டருக்கு மேல். கிளாவரை என்றால் இன்னும் தள்ளி. கொடைக்கானலில் அன்று தோல் டாக்டர் கிடைக்காவிட்டால் வத்தலக்குண்டுக்கு இறங்க வேண்டும், அங்கிருந்து மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி, அல்லது 2022 ஜனவரியில் திறந்த திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி. ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போக, மழைக்காலத்தில் மரம் விழுந்து பாதை அடைபட்டால் மறுநாளும் போச்சு. வெறும் அரிப்புக்காக யாரும் இறங்குவதில்லை. மெடிக்கல் கடையில் ஒரு டியூப் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த டியூப்பைப் பற்றிப் பிறகு வருகிறேன். பாதி வினை அதில்தான் இருக்கிறது.

கருவியை ஒப்பிடுவதற்கு முன், நம்மிடம் என்ன நோய் வருகிறது என்று பார்க்க வேண்டும். சொறி சிரங்கு, படர்தாமரை, தேமல், கரப்பான், பிள்ளைகளுக்குப் பாலுண்ணி, பள்ளிக்கூடத்தில் பேன், பனிக்காலத்தில் வெடித்த குதிகால். அபூர்வமாக, ஆனால் தவறவே விடக் கூடாத இரண்டு மூன்று: தொழுநோய், உள்ளங்காலில் பரவும் கறுப்பு மச்சம், காய்ச்சலோடு வரும் கருகிய பொருக்கு. இவற்றில் எதற்கு உருப்பெருக்கம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை வைத்துத்தான் காசைப் பிரிக்க வேண்டும்.

முதல் வழி, காசே இல்லாத வழி: கையில் இருக்கிற செல்போன். இதை எல்லோரும் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். தோல் டாக்டர் முதலில் பார்ப்பது உடம்பில் படை எங்கெங்கே இருக்கிறது என்பதைத்தான். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இடுப்பு, இதெல்லாம் சேர்ந்து, இரவில் அரிப்பு கூடி, வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் சொறி சிரங்கு என்று பாதி முடிவாகிவிடும். முழங்கையிலும் முட்டியிலும் வெள்ளிச் செதில் என்றால் சொரியாசிஸ் பக்கம் எண்ணம் போகும். இந்த விரிவு நல்ல வெளிச்சத்தில் எடுத்த செல்போன் படத்தில் கிடைக்கும், எந்த மைக்ராஸ்கோப்பிலும் கிடைக்காது. மைக்ராஸ்கோப்பில் சில மில்லிமீட்டர் தோல்தான் தெரியும். அது கையா காலா என்றுகூடச் சொல்ல முடியாது.

ஆனால் செல்போனில் எடுக்கும் விதம் இருக்கிறது. ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாமல், ஃப்ளாஷ் இல்லாமல். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தால் சிவப்பு எது, பழுப்பு எது என்று டாக்டருக்குத் தெரியாது. நம் நிறத்தில் சிவப்பே சிவப்பாகத் தெரியாமல் ஊதா கலந்த பழுப்பாகத்தான் தெரியும் என்பதால் வெளிச்சம் இரட்டிப்பு முக்கியம். முகத்தை அழகாக்கும் ஃபில்டரை அணைத்துவிட வேண்டும். அது கொப்புளத்தையும் சேர்த்து வழித்துவிடும். ஒரு படம் தள்ளி நின்று, ஒரு படம் பாதித் தூரத்தில், ஒரு படம் கிட்டத்தில் பக்கத்தில் ஸ்கேல் வைத்து. எதிர்ப்பக்கத்துக் கையோ காலோ சேர்த்து ஒன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அல்ல, டாக்குமெண்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் சுருங்கிப் போகும், செதிலின் ஓரம் காணாமல் போகும்.

காய்ச்சல்காரர் விஷயத்தில் செல்போனே அதிகம் என்பேன். ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சல் நம் மலைக்குப் புதிதல்ல. புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல் வலி இல்லாத கறுப்புப் பொருக்கு இருக்கும். அது அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, மார்புக்குக் கீழோ ஒளிந்திருக்கும், ஆளுக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத் தேவை துணியை விலக்கிப் பார்க்கிற பொறுமை, லென்ஸ் அல்ல. கண்டால் படம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவும் கூடாது, அன்றே ஆஸ்பத்திரி. டாக்சிசைக்ளின் சீக்கிரம் கொடுத்தால் கேட்கிற நோய், தாமதித்தால் உயிரை வாங்குகிற நோய்.

இரண்டாவது, பேச்சில் உள்ள அந்த யூ.எஸ்.பி. மைக்ராஸ்கோப். ஆயிரம் மடங்கு என்பது பெரும்பாலும் கம்ப்யூட்டர் திரையில் படம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதையும் கூட்டிச் சொல்கிற கணக்கு. பெரிய டிவியில் போட்டால் இன்னும் ஆயிரம் கூட்டிக்கொள்ளலாம். மலிவான கருவிகள் பலவற்றில் கேமரா 640-க்கு 480 புள்ளி, கொஞ்சம் மேலானதில் 1600-க்கு 1200. உங்கள் செல்போன் அதைவிடப் பல மடங்கு மேல். இன்னொன்று, தோல் கண்ணாடிச் சில்லு இல்லை. மூச்சு விட்டால் அசைகிறது, நாடி அடித்தால் அசைகிறது, மேடு பள்ளமாக இருக்கிறது. அதிக உருப்பெருக்கத்தில் ஒரு மேடு தெளிந்தால் பக்கத்துப் பள்ளம் கலங்கும். ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குள் பிள்ளை கையை இழுத்துக்கொள்ளும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய குறை வெளிச்சத்தில். லென்ஸைச் சுற்றி வட்டமாக எல்.இ.டி. பல்புகள் இருக்கும். அந்த வெளிச்சம் தோலின் மேற்பரப்பில் பட்டு அப்படியே கேமராவுக்குள் திரும்பும். படத்தில் வெள்ளைப் பொட்டு வட்டமாகத் தெரியும், அதன் கீழே இருக்கிற நிறமும் ரத்தக்குழாயும் மறைந்துவிடும். கொடைக்கானல் ஏரியில் உச்சி வெயில் விழும்போது தண்ணீருக்குள் இருக்கிற மீன் தெரியாதே, அது மாதிரி.

அதனால் இந்தக் கருவி வீண் என்று சொல்லவில்லை. பேனும் ஈரும் இதில் அருமையாகத் தெரியும். ஈருக்குள் குஞ்சு இருக்கிறதா, வெறும் கூடா என்று பார்த்து, மறுபடி மருந்து போட வேண்டுமா என்று முடிவு செய்யலாம். உள்ளங்காலில் இருப்பது ஆணியா மருவா என்ற சந்தேகத்துக்கும் உதவும்: மருவில் அடைபட்ட சின்ன ரத்தக்குழாய்கள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். பள்ளிக்கூட அறிவியல் வகுப்புக்கு வாங்கினால் மகராசியாக வாங்குங்கள். மருத்துவத்துக்கு என்று ஒதுக்கிய காசில் வேண்டாம்.

மூன்றாவது டெர்மாஸ்கோப், தோலைப் பார்ப்பதற்கென்றே செய்த, விளக்கு வைத்த லென்ஸ். பார்வைக்கு எளிமையாக இருப்பதாலோ என்னவோ, ஊர்ப் பேச்சில் இதை யாரும் சொல்லவில்லை. பத்து மடங்குதான் பெரிதாக்கும். ஆயிரத்தைக் கேட்ட காதுக்குப் பத்து சப்பென்று இருக்கும். ஆனால் தோல் டாக்டர்கள் கையில் வைத்திருப்பது இதைத்தான். காரணம் அதன் வெளிச்சம். பல்புக்கு முன்னால், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற ஒரு போலராய்டு தகடு, லென்ஸுக்கு முன்னால் அதற்குக் குறுக்காக இன்னொன்று. மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி இரண்டாவது தகட்டில் நின்றுவிடும். தோலுக்குள் இறங்கிச் சிதறி வரும் ஒளி மட்டும் கேமராவை எட்டும். மினுமினுப்பு போய், உள்ளே இருப்பது தெரியும். பல கருவிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் சாதா வெளிச்சத்துக்கும் மாறும். அப்போது தோலில் ஜெல்லோ ஸ்பிரிட்டோ தடவிக் கண்ணாடியை ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். செல்போன் கேமராவின் மேல் மாட்டுகிற வகை நமக்குப் போதும். விலை சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும் வரை இருக்கிறது.

சொறி சிரங்கில் இதன் பலன் கண்கூடு. பூச்சி அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. விரல் இடுக்கில் அது தோண்டிய வளை வெள்ளைக் கோடாக நெளிந்து போகும், கோட்டின் முடிவில் கறுப்பாக ஒரு சின்ன முக்கோணம், அதுதான் பூச்சியின் தலைப்பக்கம். கறுத்த தோலில் அந்த முக்கோணம் சட்டென்று கண்ணில் படாது. கோட்டைத் தேடிப் பிடித்து, அதன் இரண்டு முனையையும் எடுத்து அனுப்ப வேண்டும். டாக்டர் பார்த்துச் சொன்னால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே இரவில் கழுத்துக்குக் கீழே பெர்மெத்ரின் என்ற சிரங்கு மருந்தைப் பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். ‘எனக்கு அரிப்பே இல்லையே’ என்கிற தாத்தாவை ஒத்துக்கொள்ள வைக்க அந்தப் படம் பயன்படும் அளவுக்கு என் பேச்சு பயன்படாது.

லைக்கன் பிளானஸ் என்ற அரிப்பு நோயில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வெள்ளைக் கோடுகள், தலைப் படர்தாமரையில் காற்புள்ளி மாதிரி வளைந்து ஒடிந்த முடி, இவை இதில் தெளிவாக விழும். உள்ளங்கால் மச்சம் இன்னும் முக்கியம். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நம்மவர்களுக்கு அரிது. வந்தால் வெயில் படும் முதுகில் அல்ல, உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வருவதுதான் அதிகம். தோல்ரேகையின் மேட்டில் கறுப்பு ஓடுகிறதா, பள்ளத்தில் ஓடுகிறதா என்பதைப் பார்த்து டாக்டர் அவசரமா இல்லையா என்று பிரிப்பார். மேட்டில் ஓடினால் பயப்பட வேண்டும். அதுவும் தோலை வெட்டிச் சோதித்தால்தான் உறுதி. படம் செய்வது, யாரை இந்த வாரமே மலையிறக்க வேண்டும் என்று சொல்வதுதான்.

ஒரு எச்சரிக்கை: தோலைத் தொடுகிற கருவி சிரங்கையும் தூக்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு ஆளுக்கும் நடுவில் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். இதற்குச் சோம்பல்படும் ஆளிடம் கருவியைக் கொடுக்கவே கூடாது.

நான்காவது வழி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது, யாரும் கணக்கில் எடுப்பதில்லை: ஆரம்ப சுகாதார நிலைய லேபில் சளிப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் சாதாரண மைக்ராஸ்கோப். படர்தாமரைக்கு இதுதான் ராஜா. படையின் ஓரத்தில் செதிலைச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் வைத்து, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டுக் கொஞ்ச நேரம் வைத்தால் தோல் கரைந்து பூஞ்சை மட்டும் நிற்கும். நூல் நூலாகக் கிளை பிரிந்து தெரியும். கண் வைக்கும் குழாயில் செல்போனை ஒட்டிப் படமெடுத்தால் அதுவும் டாக்டருக்குப் போகும். மருந்துப் பாட்டில் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகாது. லேப் டெக்னீஷியனுக்குச் சுரண்டக் கற்றுக்கொடுக்க ஒரு நாள்.

இங்கேதான் டியூப் கதை. படர்தாமரைக்கு மெடிக்கலில் கேட்டால் கிடைப்பது பல நேரம் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த களிம்பு. பூசிய மறுநாள் அரிப்பு நிற்கும், பத்து நாளில் இரண்டு மடங்காகப் பரவும். ஓரத்தில் செதிலோடு வட்டமாக இருக்க வேண்டிய படை, வட்டம் கலைந்து, எதுவென்றே தெரியாத சிவப்புத் திட்டாகிவிடும். 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு பட்டியலில் சேர்த்தது. மலையில் சீட்டை யார் கேட்கிறார்கள்? இப்படிக் கலைந்த படையை எவ்வளவு நல்ல டெர்மாஸ்கோப்பில் எடுத்து அனுப்பினாலும் டாக்டர் தடுமாறத்தான் செய்வார். அதனால் நான் தோலைப் படமெடுப்பதற்கு முன் டியூப்பைப் படமெடுத்துவிடுவேன். காலியாகிப் பிதுக்கி எறிந்த டியூப்பாக இருந்தாலும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வேன்.

கருவியே வேலைக்கு ஆகாத நோய்க்கும் ஒரு உதாரணம், நம்ம ஊர் உதாரணம். பூண்டு உரிக்கும் பெண்களுக்கு விரல் நுனி வெடித்துத் தோல் உரியும். பூம்பாறை அக்கா ஒருவர் வந்தார். பத்து விரலும் காட்டினார், வெடிப்பு மூன்றில்தான்.

“அக்கா, பூண்டை எந்தக் கையில பிடிப்பீங்க?”

“இடது கையிலதான் தாயி. வலது கையில கத்தி இருக்குமுல்ல.”

வெடிப்பு இடது கைப் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனியில். பூண்டில் உள்ள டையலில் டைசல்ஃபைடு என்ற பொருளுக்குத் தோல் ஒவ்வாமை கொள்வது இப்படித்தான் வரும்: கத்தி பிடிக்காத கையில், பூண்டு தொடும் விரல்களில். உறுதி செய்ய, சந்தேகப் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் வேண்டும், லென்ஸ் எதையும் கூட்டிச் சொல்லாது. படத்தோடு நான் அனுப்பும் குறிப்புச் சீட்டில் முதல் வரி ‘எந்தக் கை, என்ன வேலை’ என்பதுதான். அந்த இரண்டு கேள்வி இல்லாமல் போன படத்துக்கு ‘கரப்பான்’ என்ற பொதுப் பதில்தான் வரும்.

தொழுநோயும் அப்படித்தான். வெளிறிய திட்டைப் படமெடுத்தால் தேமலா, பிள்ளைகளுக்கு வரும் வறட்சித் திட்டா, தொழுநோயா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நூலால் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். 2005 முடிவில் இந்தியா தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவிலிருந்து ஒழித்ததாக அறிவித்தது. நோய் ஒழிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை, மாத்திரை இன்றும் அரசு இலவசமாகத்தான் தருகிறது. அதனால் வெளிறிய திட்டு எதையும் தொட்டுப் பார்த்த குறிப்பு இல்லாமல் நான் அனுப்புவதில்லை.

நேரலை வீடியோ இந்த இடத்தில் உதவும். டாக்டர் ‘அங்கே தொடுங்க, இங்கே அழுத்துங்க’ என்று சொல்ல, நாம் செய்ய, அவர் பார்க்கலாம். அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி 2019-லிருந்து இருக்கிறது, வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கும் வசதி 2020 ஏப்ரலில் வந்தது. ஆனால் தோல் விவரத்துக்கு வீடியோ மட்டம். நகரும் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது, நம் சிக்னலுக்கு இன்னும் சுருங்கும். மேல்மலையில் ஒரு வளைவில் நாலு கட்டை காட்டும், அடுத்த வளைவில் ஒன்றும் இருக்காது. படத்தை எடுத்து வைத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் இடத்தில் அனுப்புவது நமக்குப் பொருந்தும். வீடியோவைத் தேவைப்படும் ஆளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். படத்தைப் பார்த்து நோய் சொல்கிற ஆப்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அவற்றுக்குக் கற்றுக்கொடுத்த படங்களில் வெளுத்த தோல்தான் அதிகம். நம் ஊருக்கு இப்போதைக்கு வேண்டாம்.

சட்டப்படி இதற்கெல்லாம் இடம் இருக்கிறது. 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் படம், எழுத்து, குரல், வீடியோ எல்லாவற்றையும் ஏற்கின்றன. நேரில் பார்க்காமல் முடியாது என்று டாக்டர் நினைத்தால் மறுக்கலாம். நோயாளி தானே டாக்டரை அழைத்தால் சம்மதம் கொடுத்ததாகவே கொள்ளலாம், ஆனால் என்னைப் போன்ற ஊழியர் நடுவில் நின்று அனுப்பினால் வாய்விட்டுச் சம்மதம் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். படம் எடுப்பதற்குத் தனி போன் வேண்டும், சொந்த போன் ஆகாது. சொந்த போனில் எடுத்தால் கேலரியில் தானாக மேலேறி, யார் வீட்டுப் பெண்ணின் தொடையோ என் தம்பி மகன் கம்ப்யூட்டரில் வந்து நிற்கும். ஊர் சிறியது. ஒரு படம் வெளியே போனால் அதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் காட்ட வரமாட்டார்.

ஆக, காசை இப்படிப் பிரிப்பேன். முதலில் ஒரு தனி போன். அடுத்து லேபுக்குக் கரைசலும் சில்லுகளும். அதற்கு முன்பே, காசில்லாத ஆனால் கடினமான வேலை ஒன்று: வாரத்தில் இன்ன நாள் பதில் சொல்கிறேன் என்று ஒப்புக்கொள்ளும் ஒரு தோல் டாக்டர். அவர் கிடைக்காமல் டெர்மாஸ்கோப் வாங்காதீர்கள். அவர் கிடைத்தபின், எந்தக் கருவியின் படம் அவருக்குப் பழக்கமோ அதையே கேட்டு வாங்குங்கள், போலராய்டு வெளிச்சம் உள்ளதாக. மீதிக் காசு இருந்தால் பெர்மெத்ரின் வாங்கி வைக்கலாம். நோய் இன்னதென்று தெரிந்தபின் குடும்பத்தில் எட்டுப் பேருக்கு மருந்து வாங்கக் காசில்லாமல் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

கருவி வந்து இறங்கியதும் பெட்டியை மூடி வைக்காமல் ஒரு சோதனை செய்யுங்கள். நெற்றியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, சாதா வெளிச்சத்தில் தோலைத் தொடாமல் ஒரு படம், போலராய்டு பொத்தானை அழுத்தி அதேபோல் ஒரு படம். முதல் படத்தில் இருக்கும் எண்ணெய் மினுக்கு இரண்டாவதில் அடியோடு போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் உள்ளே தகடு இல்லை, அல்லது கோணல்மாணலாக வைத்திருக்கிறார்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.